செகண்ட் ஹேண்ட் கார்: கோர்ட்டில் எது நிற்கும்?

பழைய கார் வாங்கி மாட்டிக்கொண்டு, சிவில் கோர்ட் வரை போயிருக்கும் சேலம், ஏற்காடு வாசகர்களின் கேள்விகள் இந்த இதழில். சட்டப் பகுதிக்கு ஒரு வழக்கறிஞரும், வண்டிப் பகுதிக்கு ஓர் ஆட்டோமொபைல் இன்ஜினியரும் பதில் தருகிறார்கள்.

கேள்வி: சேலத்தில் தனிநபர் ஒருவரிடம் 2016 மாடல் டீசல் காரை 3,60,000 ரூபாய்க்கு வாங்கினேன். மீட்டரில் 68,000 கி.மீ. காட்டியது. "இன்ஜின்ல கையே வைக்கலை" என்று சொல்லித்தான் விற்றார். ஏற்காடு மலைப்பாதையில் பாதி கொண்டை ஊசி வளைவு தாண்டுவதற்குள் சூடேறி நின்றுவிடுகிறது. ஹெட் கேஸ்கட் (இன்ஜினுக்கும் அதன் மேல்பகுதியான ஹெட்டுக்கும் நடுவிலிருக்கும் அடைப்புத் தகடு) போய்விட்டது, தெர்மோஸ்டாட் வால்வையே (சூட்டுக்கேற்பக் கூலன்ட் ஓட்டத்தைத் திறந்து மூடுவது) காணோம் என்கிறார் மெக்கானிக். வழக்குப் போட்டுவிட்டேன். "மலையில் ஏற்றி அவரே கெடுத்துக்கொண்டார்" என்று எதிருரை போட்டிருக்கிறார். அடுத்த வாய்தாவில் என் சாட்சியம். அஸ்தம்பட்டி கோர்ட்டுக்கு எதையெல்லாம் தயார் செய்ய வேண்டும்?
– வாசகர், ஏற்காடு

பதில்: காரில் கோளாறு இருக்கிறது என்று காட்டுவது உங்கள் வழக்கில் பாதிகூட இல்லை. எதிர்த்தரப்பு அதை மறுக்கவே போவதில்லை. நீதிபதி தேடுவது வேறு மூன்று விஷயங்களை. விற்ற அன்றே கோளாறு இருந்ததா? விற்றவருக்கு அது தெரியுமா? தெரிந்தும் உங்களிடம் என்ன சொன்னார்? கையிலிருக்கும் ஒவ்வொரு காகிதத்தையும் இந்த மூன்றில் எதற்கு உதவும் என்று பிரித்துப் பாருங்கள். எதற்கும் உதவாதது காகிதக் கட்டுக்குள்ளேயே இருக்கட்டும்.

சட்ட நிலையைச் சொல்லிவிடுகிறோம். 1930-ம் ஆண்டுப் பொருள் விற்பனைச் சட்டம், 16-வது பிரிவில், பொருள் தேவைக்கு உகந்ததாக இருக்க வேண்டும் என்கிறது. ஆனால் அந்தப் பாதுகாப்பு, அந்தப் பொருளை விற்பதையே தொழிலாக வைத்திருப்பவரிடம் வாங்கினால்தான். தன் சொந்தக் காரை விற்ற தனிநபர் மீது அது பாயாது. "நான் ஏற்காட்டுக்காரன், மலை ஏறத்தான் வாங்குகிறேன் என்று சொன்னேனே" என்பதை மட்டும் நம்பிப் போனால் அங்கேயே சறுக்கும். உங்களுக்குக் கைகொடுப்பது 1872-ம் ஆண்டு ஒப்பந்தச் சட்டம். பொய்யென்று தெரிந்தே சொல்வதும், தெரிந்த உண்மையை வேண்டுமென்றே மூடி மறைப்பதும் 17-வது பிரிவின்படி மோசடி. ஆகவே "இன்ஜின்ல கையே வைக்கலை" என்ற அந்த ஒரு வாக்கியமும், காணாமல் போன அந்த வால்வும்தான் வழக்கின் இரண்டு கால்கள்.

வால்வு ஏன் அவ்வளவு முக்கியம் என்று இன்ஜினியர் சொல்கிறார்: சேலம் சுமார் 280 மீட்டர் உயரத்தில் இருக்கிறது, ஏற்காடு சுமார் 1,500 மீட்டரில். அடிவாரத்திலிருந்து 20 கொண்டை ஊசி வளைவுகள். இரண்டாவது, மூன்றாவது கியரில் இன்ஜின் முழுப் பாரம் இழுக்கும்; வேகம் இல்லாததால் ரேடியேட்டருக்கு எதிர்க்காற்றும் கிடைக்காது. கொண்டலாம்பட்டி பைபாஸில் 80 கி.மீ. வேகத்தில் ஓட்டிக் காட்டினால் இதே கார் நல்ல பிள்ளையாக ஓடும். ஹெட் கேஸ்கட் கசியும் வண்டியை விற்கும்போது சிலர் செய்யும் வேலை, தெர்மோஸ்டாட் வால்வைக் கழற்றிவிட்டு ரேடியேட்டர் ஃபேனை 'டைரக்ட்' பண்ணிவிடுவது. சாவி போட்டதும் ஃபேன் ஓடும், சமவெளியில் சூட்டு முள் ஏறாது. ரேடியேட்டரில் கசிவடைக்கும் பவுடர் போட்டிருந்தால் மூடியின் உட்புறம் பழுப்புச் சகதி ஒட்டியிருக்கும். இதெல்லாம் தானாக வரும் தேய்மானம் அல்ல. யாரோ ஸ்பேனர் பிடித்துச் செய்தது. மலையில் ஓட்டி ஹெட்டைக் கெடுக்கலாம், வால்வைக் காணாமல் போகச் செய்ய முடியாது.

"அதை நீங்களே கழற்றியிருக்கலாமே" என்பதுதான் அடுத்த அம்பு. அதற்குப் பதில் வாயால் சொல்வதல்ல, தேதி. வாங்கிய நாள், முதல் முறை சூடேறிய நாள், மெக்கானிக் திறந்த நாள், விற்றவருக்கு முதலில் தெரிவித்த நாள் ஆகிய நான்கையும் மீட்டர் அளவோடு ஒரே தாளில் எழுதுங்கள். வாங்கி ஒன்பதாம் நாள், 300 கி.மீ.க்குள் கோளாறு என்றால் அது பேசும். நான்கு மாதம், 5,000 கி.மீ. என்றால் அதே வழக்கு பாதியாகிவிடும்.

உங்கள் வழக்கைத் தூக்கி நிறுத்தக்கூடிய காகிதம் விற்றவரின் வீட்டில் இல்லை, அவர் சர்வீஸ் விட்ட இடத்தில் இருக்கிறது. கம்பெனி சர்வீஸ் சென்டர்களில் வண்டி எண்ணை வைத்துப் பழைய ஜாப் கார்டுகளை எடுக்கலாம். ஒவ்வொன்றிலும் தேதி, கி.மீ., வாடிக்கையாளர் சொன்ன குறை மூன்றும் பதிவாகியிருக்கும். விற்பதற்கு முன்பே 'ஓவர் ஹீட்டிங்' என்று ஒரு வரி இருந்துவிட்டால் "எனக்குத் தெரியாது" என்ற வாதம் முடிந்தது. போன வருடம் 1,12,000 கி.மீ. என்று பதிவாகி, விற்கும்போது 68,000 காட்டியிருந்தால் மீட்டர் திருகியதும் வெளிவரும். நீங்களாகக் கேட்டால் தரமாட்டார்கள். சிவில் நடைமுறைச் சட்டம் கட்டளை 16-ன் கீழ் ஆவணங்களைக் கொண்டுவரச் சொல்லி சம்மன் அனுப்ப மனுப் போடச் சொல்லுங்கள். எந்த ஊர் சென்டர், எந்த வண்டி எண், எந்தத் தேதியிலிருந்து எதுவரை என்று குறிப்பாகக் கேட்க வேண்டும். 'எல்லா ஆவணங்களும்' என்று கேட்டால் தள்ளுபடியாக வாய்ப்பு அதிகம்.

மெக்கானிக் லெட்டர்பேடில் எழுதிக் கொடுத்தது சாட்சியம் ஆகாது. எழுதியவர் கூண்டில் ஏறி, குறுக்கு விசாரணைக்கு நின்றால்தான் அதற்கு மதிப்பு. வரத் தயங்குவார், பட்டறையை ஒரு நாள் பூட்ட வேண்டுமே. சாட்சிக்கான படித்தொகை கட்டி முறையாகச் சம்மன் அனுப்புங்கள். அவரது அறிக்கையில் 'இன்ஜின் சரியில்லை' என்று ஒற்றை வரி இருந்து பயனில்லை. இன்ஜின் எண், சேசிஸ் எண், மீட்டர் அளவு, நான்கு சிலிண்டரின் கம்ப்ரஷன் தனித்தனியாக, கூலன்ட்டில் எரிபுகை வாயு இருக்கிறதா என்று நிறம் மாறும் திரவத்தால் பார்த்த சோதனை, ஹெட்டின் வளைவு இவையெல்லாம் வேண்டும். நேர்விளிம்புப் பட்டையும் ஃபீலர் கேஜும் (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடுகள்) வைத்துப் பார்த்தால், பல இன்ஜின்களுக்கு 0.05 முதல் 0.10 மி.மீ. வரைதான் அனுமதி, உங்கள் காரின் சர்வீஸ் மேனுவலில் உள்ள அளவையும் பக்கத்தில் எழுதச் சொல்லுங்கள். ஹெட்டை ஏற்கெனவே ஃபேஸிங் பிடித்த (தேய்த்துச் சமப்படுத்திய) கடைசல் கோடுகள் இருந்தால், கிட்டத்தில் வைத்துப் படம் எடுக்க வேண்டும். 'கையே வைக்கலை' என்ற பேச்சை அந்தக் கோடுகள் உடைத்துவிடும். கழற்றிய கேஸ்கட்டை எறியாதீர்கள். பையில் போட்டு, தேதி எழுதி, மெக்கானிக்கின் கையெழுத்தோடு வையுங்கள்.

காரின் கம்ப்யூட்டரைப் படிக்கும் ஸ்கேனரில் இன்னொரு தகவல் கிடைக்கும்: அதில் பதிவான கோளாறுக் குறியீடுகளை ('கோட்') அழித்தபின் ஓடிய தூரம். பல கார்களில் படிக்கலாம். வாங்கிய வாரத்திலேயே பார்த்து அது 40 கி.மீ. என்று இருந்தால், விற்பதற்குச் சற்று முன் யாரோ அந்தக் குறியீட்டை அழித்திருக்கிறார்கள். இதைப் பதிவு செய்யும்வரை யாரையும் கோட் அழிக்க விடாதீர்கள். பேட்டரியையும் கழற்ற வேண்டாம், சில கார்களில் அந்தப் பதிவே போய்விடும்.

ஹெட்டை இன்னும் முழுதாகப் பிரிக்கவில்லை என்றால் அவசரப்படாதீர்கள். கட்டளை 26-ன் கீழ் அட்வகேட் கமிஷனர் (நேரில் பார்த்து அறிக்கை தர கோர்ட் அனுப்பும் வழக்கறிஞர்) நியமிக்கக் கோரி மனுப் போட்டு, தகுதியுள்ள இன்ஜினியர் உதவியோடு, இரு தரப்பும் நிற்கும்போது பிரிக்கலாம். எதிர்த்தரப்புக்கு நோட்டீஸ் போய், அவர் வராவிட்டால் அது அவர் பாடு. கமிஷனர் எதையெதைக் குறிக்க வேண்டும் என்று மனுவிலேயே வரிசையாகக் கேளுங்கள். கேட்காததை அவர் எழுதமாட்டார். ஏற்கெனவே ரிப்பேர் செய்து முடித்துவிட்டவர்களுக்கு இந்த வழி அடைபட்டுப் போகிறது. இந்த வகை வழக்குகள் தோற்பதற்கு நாங்கள் பார்க்கும் முதல் காரணம் இதுதான்.

கோரும் தொகையையும் ஒருமுறை பாருங்கள். கோளாறு தெரிந்தபிறகும் காரை ஓட்டிக்கொண்டே இருந்தால், பொருளை ஏற்றுக்கொண்டதாகிவிடும். முழு விலையைத் திருப்பிக் கேட்பது கடினம், இழப்பீடுதான் கேட்க முடியும். இன்றைய மீட்டர் அளவைப் படமெடுத்து வண்டியை நிறுத்திவிடுங்கள். தமிழ்நாட்டில் பணம் கோரும் வழக்குக்கு கோர்ட் கட்டணம் நூற்றுக்கு 3 ரூபாய். 2017-க்கு முன் ஏழரை ரூபாய். 3,60,000-க்கு 10,800 ரூபாய். கோபத்தில் மன உளைச்சலுக்கு 5 லட்சம் சேர்த்திருந்தால், கிடைக்க வாய்ப்பு குறைந்த ஒரு தொகைக்காக 15,000 ரூபாய் கூடுதலாகக் கட்டியிருப்பீர்கள்.

சாட்சியத்தன்று: உங்கள் முதல் விசாரணை, அதாவது உங்கள் தரப்பில் நீங்கள் சொல்லும் சாட்சியம், நிரூபண வாக்குமூலமாக எழுத்தில்தான் போகும். அசல் ஆவணங்கள் கையில் இருக்க வேண்டும். பிராதோடு (வழக்கு மனுவோடு) தாக்கல் செய்யாத ஆவணத்தைப் புதிதாக நீட்டினால் கோர்ட்டின் அனுமதி வேண்டும். முன்கூட்டியே மனுப் போட்டுவிடுங்கள். ரெக்கவரி வேன் பில், ஒர்க்‌ஷாப் பில் எல்லாம் ஜி.எஸ்.டி. எண்ணோடு இருக்கட்டும், துண்டுச் சீட்டு நிற்காது. மழைக்காலத்தில் மலைப்பாதையில் மண் சரிந்து போக்குவரத்து நின்றால் உடனே வக்கீலுக்குச் சொல்லிவிடுங்கள். நீங்களும் இல்லாமல் அவரும் இல்லாமல் வழக்கைக் கூப்பிட்டு, எதிர்த்தரப்பு மட்டும் நின்றால் தள்ளுபடி ஆகிவிடும். மீட்டெடுக்க 30 நாள் இருக்கிறது. ஆனால் காரணத்தை நிரூபிக்க வேண்டும்.

கேள்வி: குறுக்கு விசாரணையில் என்ன கேட்பார்கள்? நினைத்தாலே கை நடுங்குகிறது.
– வாசகி, அம்மாப்பேட்டை

பதில்: கார் வழக்கில் பெரும்பாலும் ஒரே இடுக்கிதான். "வாங்கும் முன் மெக்கானிக்கிடம் காட்டினீர்களா?" காட்டினேன் என்றால், "அப்படியானால் எல்லாம் தெரிந்தே வாங்கினீர்கள்". காட்டவில்லை என்றால், "கவனமில்லாமல் வாங்கிவிட்டுப் பிறர்மேல் பழி போடுகிறீர்கள்". எது உண்மையோ அதைச் சொல்லுங்கள். கூடவே ஒரே வாக்கியம்: "வெளியே பார்த்தோம், இன்ஜினைப் பிரித்துப் பார்க்கவில்லை". பிரிக்காமல் தெரியாத கோளாறு, அதுவும் மறைக்கப்பட்ட கோளாறு என்பதுதான் உங்கள் தரப்பு. டெஸ்ட் டிரைவ் எங்கே, எத்தனை கி.மீ. ஓட்டினீர்கள் என்பார்கள், ஐந்து ரோட்டைச் சுற்றி வந்தது மட்டும்தான் என்றால் அதையே சொல்லுங்கள்.

நினைவில்லாத தேதியை ஊகித்துச் சொல்லவே கூடாது. "ஆவணத்தைப் பார்த்துச் சொல்கிறேன்" என்று கேட்கலாம். பிராதில் ஒரு தேதி, வாக்குமூலத்தில் ஒரு தேதி, வாயில் ஒரு தேதி என்று மூன்றானால் அதன்பின் மற்ற எதையும் நம்ப வைப்பது பாடு. கேள்விக்கு மட்டும் பதில் சொல்லி நிறுத்துங்கள். உங்கள் வக்கீலின் முகத்தைப் பார்க்காதீர்கள், நீதிபதி அதைக் கவனிப்பார்.

பணம் ரொக்கமாகக் கொடுத்திருந்தால் அதையும் கேட்பார்கள். ஒரே பரிவர்த்தனையில் 2 லட்சமோ அதற்கு மேலோ ரொக்கமாகப் பெறக்கூடாது என்பது வருமான வரிச் சட்டம். அபராதம் வாங்கியவருக்கு, கொடுத்தவருக்கு அல்ல. பயந்து தொகையைக் குறைத்துச் சொல்லிவிடாதீர்கள். வங்கியில் எடுத்த அன்றைய பதிவு இருந்தால் பாஸ்புக் நகலை இணையுங்கள்.

கேள்வி: விற்றவர் பேசியதெல்லாம் வாட்ஸ்அப்பில் இருக்கிறது. பிரிண்ட் போட்டுக் கொடுத்தால் போதுமா? அந்த விளம்பரத்தை இப்போது நீக்கிவிட்டார்.
– வாசகர், ஓமலூர்

பதில்: பிரிண்ட் மட்டும் போதாது. பழைய சாட்சியச் சட்டத்துக்குப் பதிலாக 1.7.2024 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய சாட்சிய அதினியம் 63-வது பிரிவின்படி அதற்குச் சான்றிதழ் வேண்டும். அதில் இரண்டு பகுதிகள்: 'ஏ' பகுதியை நீங்கள் நிரப்ப வேண்டும், 'பி' பகுதியை ஒரு நிபுணர். கோப்பின் ஹாஷ் மதிப்பையும் (அந்தக் கோப்பின் கைரேகை போன்ற ஓர் எண்) குறிக்க வேண்டும். ஓர் எழுத்து மாறினாலும் அந்த எண் மாறிவிடும் என்பதால்தான் அதைக் கேட்கிறார்கள். அந்த போனையே கோர்ட்டில் ஒப்படைத்து, அதன் சொந்தக்காரரே சாட்சி சொன்னால் சான்றிதழ் தேவையில்லை என்று 2020-ல் உச்ச நீதிமன்றம் பழைய சட்டத்தின் கீழ் தெளிவுபடுத்தியிருக்கிறது. ஆனால் போனை மாதக்கணக்கில் யார் விட்டுவைப்பார்கள்? சான்றிதழே நல்லது.

ஸ்கிரீன்ஷாட் எடுக்கும் முன் அவருடைய பெயரைத் தொடர்பிலிருந்து நீக்குங்கள். 'கார் அண்ணன்' என்று தெரிவதைவிட எண் தெரிவதுதான் ஆதாரம். உரையாடலை முதலிலிருந்து முழுதாக எடுங்கள், நடுவில் வெட்டினால் வெட்டிய இடத்தைத்தான் அந்த வக்கீல் கேட்பார். தானாக அழியும் வசதி இயங்குகிறதா பாருங்கள். குரல் பதிவுகளைச் சொல்லுக்குச் சொல் தமிழில் தட்டச்சு செய்து இணையுங்கள். வழக்கு முடியும்வரை போனை மாற்ற வேண்டாம். நீக்கிய விளம்பரத்துக்கு: அதன் இணைப்பை நீங்கள் யாருக்காவது அனுப்பியிருப்பீர்கள். மச்சானிடம் "இந்தக் கார் எப்படி?" என்று கேட்டு அனுப்பிய படம் அவர் போனில் தேதியோடு இருக்கும்.

கேள்வி: ஆட்டோ கன்சல்டிங்கில் வாங்கிய காரில் சீட்டுக்கு அடியில் சேறு. வெள்ளத்தில் மூழ்கிய வண்டி என்கிறார்கள். ரசீதில் 'உள்ளது உள்ளபடி, பின்னர் புகார் ஏற்கப்படாது' என்று கையெழுத்து வாங்கியிருக்கிறார்கள். "நான் வெறும் புரோக்கர்" என்கிறார் கன்சல்டிங்காரர்.
– வாசகர், ஆத்தூர்

பதில்: உங்களுக்கு சிவில் கோர்ட்டைவிட சேலம் மாவட்ட நுகர்வோர் ஆணையம் பொருத்தம். கார் விற்பது அவர் தொழில். 2019-ம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே புகார் கொடுக்கலாம். கொடுத்த விலை 5 லட்சத்துக்குள் என்றால் கட்டணம் இல்லை. இரண்டு ஆண்டுகளுக்குள் போட வேண்டும். சிவில் வழக்குக்கு மூன்று ஆண்டு. இரண்டிலும் ஒரே நேரத்தில் போடக்கூடாது. டாக்ஸி ஓட்ட வாங்கியிருந்தால் 'வணிக நோக்கம்' என்று ஆட்சேபம் வரும். நீங்களே ஓட்டிப் பிழைக்க வாங்கியதாகப் புகாரிலேயே எழுதிவிட வேண்டும்.

'உள்ளது உள்ளபடி' என்பது சாதாரணத் தேய்மானத்துக்குக் கேடயம். தெரிந்தே மறைத்ததற்கு அல்ல. புரோக்கர் வாதத்துக்கு, பணம் யார் கணக்குக்குப் போனது என்று பாருங்கள். 1.4.2023 முதல் பழைய வண்டி டீலர்கள் போக்குவரத்துத் துறையின் அங்கீகாரம் பெற வேண்டும்; உரிமையாளர் வண்டியை டீலரிடம் விட்டதை 29சி படிவத்தில் தெரிவிக்க வேண்டும். அந்தப் பதிவு இருந்தால் புரோக்கர் கதை முடிந்தது. இல்லாவிட்டால், ஏன் இல்லை என்று ஆணையத்தில் கேட்கலாம்.

சேறு மட்டும் போதாது, "நீங்கள் வயலில் ஓட்டியிருப்பீர்கள்" என்பார். சீட் பெல்ட்டைக் கடைசிவரை உருவிப் பாருங்கள். உருளைக்குள் இருக்கும் பகுதியில் நீர்க்கோடு இருக்கும். சீட் ரெயில் போல்ட்டின் துரு, டேஷ்போர்டு ஒயர் கனெக்டருக்குள் பச்சைப் பூஞ்சணம்போல் அரிப்பு, மூடிய டெயில் லேம்பின் உள்ளே மண். கழுவினாலும் அங்கே கை போகாது. 2015, 2023 டிசம்பர் சென்னை வெள்ளங்களின்போது காரின் பதிவு எந்த ஊரில் இருந்தது என்று ஆர்.சி. விவரத்தில் பாருங்கள். இன்சூரன்ஸ் க்ளெய்ம் பதிவை வரவழைக்க மனுப் போடுங்கள்.

கேள்வி: ஆர்.சி. இன்னும் பழைய உரிமையாளர் பெயரில்தான். வழக்குப் போட முடியுமா?
– வாசகர், சங்ககிரி

பதில்: முடியும். பணம் கொடுத்து, வண்டியைப் பெற்றதற்கு ஆதாரம் இருந்தால் போதும். ஆனால் பெயர் மாற்றத்தைத் தள்ளாதீர்கள்: விற்றவர் 14 நாளிலும் வாங்கியவர் 30 நாளிலும் தெரிவிக்க வேண்டும். பெயர் மாற்றத்துக்கான படிவம் 29, 30-ல் தேதி போடாமல் வெற்றுக் கையெழுத்து வாங்கி வைத்திருந்தால், விற்பனைத் தேதி எது என்பதே தகராறாகும். அதே ஆர்.சி.யில் கடன் அடமானம் இருக்கிறதா என்றும் பாருங்கள். இருந்தால் அதை நீக்கும் படிவம் 35-ம் வங்கியின் தடையில்லாச் சான்றும் வேண்டும். அதை மறைத்து விற்றது தனிக் குறை, பிராதில் சேர்க்கலாம்.

கேள்வி: எதிர்த்தரப்பு 1,20,000 தருகிறேன், முடித்துக்கொள்ளலாம் என்கிறார். ஒப்புக்கொள்ளலாமா?
– வாசகி, செவ்வாய்ப்பேட்டை

பதில்: ரிப்பேர் செலவு, ரெக்கவரி, வக்கீல் கட்டணம் மூன்றையும் கூட்டி அதற்குப் பக்கத்தில் வந்தால் யோசியுங்கள். லோக் அதாலத்தில் (மக்கள் நீதிமன்றத்தில்) முடித்தால் மேல்முறையீடு கிடையாது, கட்டிய கோர்ட் கட்டணமும் திரும்பும். வெளியே தாங்களே பேசி முடித்தாலும் கட்டணம் திரும்பும் என்று 2021-ல் தமிழ்நாட்டு வழக்கு ஒன்றிலேயே உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. பெண்களுக்கு மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் இலவச வக்கீல் உண்டு, 15100-க்கு அழைக்கலாம். ஒப்பந்தத்தில் தொகை, தேதி, கார் யாரிடம் இருக்கும், பெயர் மாற்றக் கையெழுத்து யார் எப்போது போடுவது, தவணை தவறினால் வட்டி எவ்வளவு என்பதெல்லாம் இருக்க வேண்டும். காசோலை வாங்கிக்கொண்டு, அது பணமாகும் முன் வழக்கை வாபஸ் வாங்காதீர்கள்.